தப்பே செய்யாத கை

லுவோ யூன்சிங்குக்கு வேலை நேரம் காலையில்தான். அமெரிக்காக்காரர்கள் ராச்சாப்பாட்டை முடித்துக்கொண்டு கணினி முன்னால் சாய்ந்து உட்காரும்போது, இங்கே காவ்சியுங் துறைமுக நகரத்தில் விடிந்து, அம்மாவின் பலகாரக் கடையில் முட்டை ரொட்டிக்கும் சோயா பாலுக்கும் ஸ்கூட்டர்கள் வரிசை கட்டி நிற்கும். கீழே அம்மா கல்லில் முட்டையை உடைத்து ஊற்றுவாள். மாடியில் மகள் கணினியில் முகம் தெரியாத ஆட்களோடு காசு வைத்துப் போக்கர் சீட்டு ஆடுவாள். யாராவது கேட்டால், "வெளிநாட்டுக் கம்பெனிக்கு மொழிபெயர்ப்பு பண்றா" என்று அம்மா சொல்லிவிடுவாள்.

கப்பல் சரக்கு அலுவலகத்துக் கணக்கு வேலையை விட்டுவிட்டுத்தான் யூன்சிங் இதில் இறங்கினாள். அவளிடம் ஒரு தனித் திறமை இருந்தது. எதிராளி பந்தயம் ஏற்றுவதற்கு முன் தயங்கும் அந்தக் கொஞ்ச நேரத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவாள். கையில் ஒன்றும் இல்லாமல் மிரட்டுகிறவன் எப்படித் தயங்குவான், நல்ல சீட்டை வைத்துக்கொண்டு நடிக்கிறவன் எப்படித் தயங்குவான் என்று அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்லத் தெரியாது. அந்த நாட்களில் ஆடும்போது தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள்.

பிறகு கணினிப் பயிற்சி நிரல்கள் வந்தன. எந்தச் சீட்டு வந்தால் என்ன செய்வது சரி என்று கணக்குப் போட்டுக் காட்டுகிற நிரல்கள். அதை அவளிடம் கொண்டுவந்தவன் கோ செங்யூ. பல்கலைக்கழகத்துச் சீட்டாட்டச் சங்கத்தில் அவளுக்கு இரண்டு வகுப்பு இளையவன்; அப்போதிருந்தே அக்கா, அக்கா என்று ஒட்டிக்கொண்டு திரிந்தவன்.

"அக்கா, மனசுக்குத் தோணுறத வச்சு ஆடுற காலம் போச்சு. ஜெர்மன்காரன் ரஷ்யாக்காரன் எல்லாம் இத உக்காந்து படிக்கிறான். நாம படிக்கலேன்னா நம்மளத் தின்னுட்டுப் போயிடுவான்."

"படிச்சா அப்புறம் நான் ஆடுறேனா, அது ஆடுதா?"

"ஜெயிச்சா போதாதா? யார் ஆடுனா என்ன?"

இருவரும் பங்கு போட்டு வாங்கினார்கள். யூன்சிங் படிக்க உட்கார்ந்தவள் வருஷக்கணக்கில் எழுந்திருக்கவே இல்லை. காலையில் ஆட்டம், மதியமெல்லாம் பாடம். நிரல் ஒரு கைச் சீட்டைக் காட்டும். அவள் பதில் சொல்வாள். தப்பென்றால் திரும்பவும் முதலிலிருந்து. முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்யும் நாளில்கூடக் குடும்பத்தோடு மலைக்குப் போகவில்லை. அவளைக் கட்டிக்கொள்வதாக இருந்தவன் ஒரு நாள் நூடுல்ஸ் கடையில் வைத்து, "உன்கிட்ட பேசுனா, பதில் சொல்றதுக்கு முன்னாடி எதையோ கணக்குப் போடுற" என்றான். அவள் உடனே மறுக்கவில்லை. எதைச் சொன்னால் சரியாக இருக்கும் என்று யோசித்தாள். அதற்குள் அவன் எழுந்து போய்விட்டான்.

ஆனால் ஜெயித்தாள். பழைய சிரிப்பு மட்டும் எங்கோ போய்விட்டது. எதிராளியின் தயக்கம் இப்போது அவள் கண்ணிலேயே படுவதில்லை.

அதற்கப்புறம் வந்ததுதான் கேடு. ஆட்டம் நடக்கும்போதே பக்கத்தில் இருந்து 'பந்தயத்தை ஏற்று', 'சீட்டைக் கவிழ்த்து விலகு' என்று சொல்லிக்கொடுக்கும் நிரல். எல்லாச் சீட்டாட்ட இணையதளங்களும் அதைத் தடை செய்திருந்தன. ஒரு நாள் செங்யூவின் வீட்டுக்குப் பன்றிக்கறிச் சோறு வாங்கிக்கொண்டு போனவள், அவன் மேசையில் இரண்டாவது கணினி ஒன்றில் அந்த நிரல் ஓடுவதைப் பார்த்தாள்.

"என்னடா இது?"

"எல்லாரும் வச்சிருக்காங்கக்கா. நீ மட்டும் கைய வீசிட்டு சண்டைக்குப் போற."

"நான் இத்தன வருஷம் படிச்சதெல்லாம்?"

"அதான் நானும் கேக்குறேன். எதுக்குப் படிச்ச?"

சாப்பிடாமலே திரும்பி வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. தம்பி மாதிரி இருந்தவன்.

மழைக்காலத் தொடக்கத்தில் தளம் ஒருவருடைய கணக்கை மூடியது. செங்யூவின் கணக்கை அல்ல, அவளுடையதை. அவளுடைய முடிவுகள் நிரலின் விடைகளோடு ஒரு மனிதரால் முடியாத அளவுக்கு ஒத்துப்போகின்றன என்று எழுதியிருந்தார்கள். மறுத்து எழுதினாள். முதுகுக்குப் பின்னால் கேமரா வைத்து, கையும் திரையும் தெரிய ஆடிக் காட்டச் சொன்னார்கள். ஆடினாள். யாரோ பின்னால் நின்று பார்ப்பது போலவே இருந்தது. தூக்கத்தில் கேட்டாலும் விடை சொல்லக்கூடிய சீட்டுகளில் தடுமாறினாள். பதில் சுருக்கமாக வந்தது: கேமரா முன்னால் தங்கள் ஆட்டத்தின் தரம் வெகுவாகக் குறைகிறது, முடிவில் மாற்றமில்லை.

செங்யூவுக்குப் போன் செய்தாள். "நீ ஏன்க்கா தப்பே பண்ணல?" என்றான்.

"என்ன?"

"என்னோடது அப்பப்ப வேணும்னே தப்பு பண்ணும். தடுமாறும், யோசிக்கிற மாதிரி நேரம் எடுக்கும். அப்படித்தான் செஞ்சு விக்கிறான். மனுஷன் மாதிரி தெரியணும்ல."

அன்றைக்கே அவள் தளத்துக்கு அவனைப் பற்றி எழுதினாள். அனுப்பும்போது அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் அனுப்பினாள். சில வாரம் கழித்து, தகவலுக்கு நன்றி, அந்தக் கணக்கைச் சோதித்தோம், அது இயல்பான மனித ஆட்டமே என்று பதில் வந்தது.

விஷயம் எப்படியோ கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. அம்மா மாட்சு அம்மன் கோயிலுக்குப் போய் ஊதுபத்தி ஏற்றிவிட்டு வந்து, மாடிப்படியில் நின்றபடியே கேட்டாள்.

"நீ ஏமாத்துனியா?"

"இல்லம்மா."

"அப்ப ஏன் மூடுனாங்க?"

"ரொம்ப நல்லா ஆடிட்டேனாம்."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இத நான் வெளிய யார்கிட்ட சொல்ல முடியும்?" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

அம்மாவும் நம்பவில்லை என்பது அப்போதுதான் யூன்சிங்குக்குப் புரிந்தது.

நகரத்தில் ஆட்கள் நேரில் உட்கார்ந்து ஆடும் மன்றம் ஒன்று உண்டு. அங்கே போய்ப் பார்த்தாள். எதிரே மீன் ஏலக்காரர் ஒருவர் வெற்றிலைப்பாக்கு மென்றுகொண்டு அவளையே பார்த்தார். முன்பென்றால் அந்த முகத்தை ஒரு வாய் தேநீர் குடிப்பதற்குள் படித்திருப்பாள். இப்போது வெறும் முகமாகத்தான் தெரிந்தது. மனசு மறுபடி மறுபடி சீட்டுக்கணக்கிடமே ஓடியது.

"என்னம்மா, பிணத்தோட ஆடுற மாதிரி இருக்கு" என்றார் அவர், சீட்டைக் கவிழ்த்தபடி. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் அதோடு அங்கே போகவில்லை.

பழைய சரக்கு அலுவலகத்திலேயே திரும்பச் சேர்ந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் மேலே போயிருந்தார்கள். முன்பு அவளிடம் வேலை கற்ற பெண்ணிடம் இப்போது இவள் விடுப்புக் கேட்க வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் செங்யூ கூப்பிட்டான்.

"அக்கா, எல்லாம் முடிஞ்சு போச்சு. சும்மா பொழுதுபோக்குக்கு ஆடுறவன் ஒருத்தன்கூட இல்ல. மேசை பூரா மெஷின். என் மெஷினும் அவன் மெஷினும் மோதுது, தளம் கமிஷன் அடிச்சுட்டுப் போகுது."

"ம்."

"நீ சிரிப்பேன்னு நெனச்சேன்."

அவள் சிரிக்க முடிகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. மேலாளர் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மணியைக் காட்டினாள்.

"வேலை இருக்கு, வைக்கிறேன்" என்றாள் யூன்சிங். சோற்றுப் பெட்டியில் மிச்சமிருந்த முட்டைக்கோசைத் தின்று முடித்துவிட்டு, தன் இருக்கைக்குப் போனாள்.