பெரியவங்க பள்ளிக்கூடத்தின் வாசல்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு வாசல்தான். நீளமான மண்சுவர்க் கட்டடம், மேலே புல் வேய்ந்த கூரை. ஒரு கோடியில் மூங்கில் தட்டி வைத்து மறைத்துக்கொண்டு நானும் என் மனைவியும் குடியிருந்தோம். மீதி இடமெல்லாம் பள்ளி. படிக்க வருகிறவர்களும் அந்த வாசலில்தான் நுழைய வேண்டும், தலையில் விறகுக் கட்டோடு நானும் அதில்தான் நுழைய வேண்டும். மழைக்காலத்தில் ஆளுக்கு ஆள் முட்டிக்கொள்வோம். இன்னொரு வாசல் வையுங்கள் என்று நான் கத்தாத மாதம் கிடையாது. ஊர்க்கவுண்டர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

"சும்மா இருக்கையில புது வாசல் திறக்கக் கூடாதுங்க வாத்தியாரே. இருக்கற வாசலுக்கு என்னங்க கொறச்சல்?"

சோம்பேறித்தனத்துக்கு இப்படியும் ஒரு சாக்கு என்று நினைத்துக்கொள்வேன்.

பள்ளி என்றால் பிள்ளைகளுக்கான பள்ளி அல்ல. கொல்லிமலையில் உழுது விதைக்கிற ஆண்களும் பெண்களும் படிக்க வேண்டும் என்று அடிவாரத்துப் பெரிய மனிதர் ஒருவர் ஆசைப்பட்டு ஆரம்பித்தது. எழுத்து, கணக்கு, தச்சு, தையல் எல்லாம் சொல்லிக் கொடுத்தோம். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. தேவனூர் நாட்டுக்காரர்கள் மரம் வெட்டிக் கொடுத்தார்கள். வளப்பூர் நாட்டிலிருந்து கூரைப்புல் வந்தது. மண் மிதித்ததும் சுவர் எழுப்பியதும் எல்லோரும் சேர்ந்துதான். மலையில் அதற்குப் பெயர் பெரியவங்க பள்ளிக்கூடம்.

அதை நடத்துவதற்காகச் சேந்தமங்கலத்திலிருந்து மலையேறி வந்தவன் நான். உண்மையில் நடத்தியவள் என் மனைவி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். மீசை நரைத்த மனிதரிடம் போய், எழுத்தைக் கோணல்மாணலாக எழுதுகிறீர் என்று எரிந்து விழுவேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். மறுநாள் இவள் அவருடைய காட்டுக்கே போய், களை பிடுங்குகிற அவர் மனைவியோடு சேர்ந்து தானும் நாலு களை பிடுங்கி, பேச்சுக் கொடுத்து, கையோடு அழைத்து வருவாள். வந்ததும் என்னிடம் சொல்வாள்:

"உங்க கோவத்து மேல சட்டிய வெச்சா சாமைச் சோறே வெந்துருமுங்க. விறகு மிச்சம்."

பெண்கள் படிக்க வந்ததும் அவளால்தான். முதலில் தையல் கற்கிறோம் என்று சொல்லி வந்தார்கள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே எழுத்தும் படித்தார்கள். அவர்களில் ஒருத்தி, வாட்டசாட்டமான, குரல் எட்டு ஊருக்குக் கேட்கிற பெண், ஒருநாள் பலாப்பழமும் ஆமணக்கும் கொண்டு கீழே சந்தைக்குப் போனாள். ஆமணக்கை எடை போட்ட வியாபாரி வாயால் ஒரு எடை சொல்ல, அவள் தராசுத் தட்டிலிருந்த எடைக்கல்லை எடுத்துத் திருப்பி, அதில் வெட்டியிருந்த எண்ணைச் சந்தை முழுவதும் கேட்கிற மாதிரி வாசித்துவிட்டாள். வியாபாரி முகத்தில் ஈயாடவில்லையாம். அந்தக் கதையை மலை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். என் மனைவி அன்று சிரித்ததைப் போலப் பிறகு சிரித்து நான் பார்க்கவில்லை.

பிறகு போர் வந்தது. சண்டை எங்கோ கடலுக்கு அப்பால் நடந்தது. எங்களுக்கு முதலில் மண்ணெண்ணெய் நின்றது. விளக்கு வைத்து நடத்திக்கொண்டிருந்த வகுப்பைப் பொழுது இறங்குவதற்கு முன்பே முடிக்க வேண்டியதாயிற்று. காட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வர முடிந்தவர்கள் வந்தார்கள், மற்றவர்கள் தலைகாட்டவில்லை. பலகை உடைந்தால் வேறு பலகை இல்லை. தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதினோம். தச்சு சொல்லிக் கொடுத்தவர் பட்டாளத்து வேலைக்குப் போய்விட்டார். எனக்கு உதவியாக வந்த இளைய ஆசிரியருக்கு ஒரு தடவை மலைக்காய்ச்சல் கண்டது. கீழே போய்ப் படுத்தவர் திரும்பவே இல்லை. அவரை நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். இப்போது நினைத்தால், பிழைக்கத் தெரிந்தவர் என்றுதான் தோன்றுகிறது.

கடைசியில் அந்தப் பெரிய மனிதரே மலையேறி வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, பள்ளியைத் தற்காலிகமாக மூடிவிடலாம், போர் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. நான் வாய் திறப்பதற்குள் தட்டிக்கு அப்பாலிருந்து இவள் குரல் வந்தது.

"ஒருக்கா மூடுனா மறுபடி ஆரு வருவாங்க? இத்தனை வருசம் கூப்புட்டுக் கூப்புட்டுத்தான் வந்துருக்காங்க. நாங்க இருக்கறோமுங்க. சோத்துக்கு ஊரு குடுக்கும்."

ஊர் கொடுத்தது. அறுவடைக்கு அறுவடை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சாமையோ கேழ்வரகோ கொண்டுவந்து எங்கள் குதிரில் கொட்டினார்கள். தங்களுக்கே போதாத காலத்திலும் கொட்டினார்கள். அதற்குப் பிறகு பள்ளியை மூடுவது என்ற பேச்சையே நாங்கள் எடுக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு பாழ்வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் வந்த புதிதில், பள்ளிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற வழியில் அது நின்றது. கூரை உள்ளே சரிந்து, வாசல் நிலையில் கொடி படர்ந்து கிடந்தது. நல்ல கெட்டியான சுவர், ஏன் இப்படி விட்டுவிட்டீர்கள் என்று என்னோடு வந்தவரைக் கேட்டேன்.

"காச்சல்ல போன ஊடுங்க அது. அதுக்குள்ள நாங்க ஆரும் காலு வெக்க மாட்டமுங்க" என்றார். அதோடு பேச்சை விட்டுவிட்டார். நானும் கிளறவில்லை.

வீட்டுக்கு வந்து இவளிடம் சொன்னேன். இவளுக்கு அது ஆச்சரியமாக இல்லை. எங்கள் பக்கத்திலும் ஆகாத நட்சத்திரத்தில் யாராவது இறந்தால் வீட்டை மாதக்கணக்கில் அடைத்துப் போடுவது உண்டு. காய்ச்சல் சாவு நடந்த வீட்டை மலைக்காரர்கள் ஒரேயடியாகக் கைவிட்டுவிடுவார்கள் போலிருக்கிறது என்று இருவரும் முடிவுசெய்துகொண்டோம். யாரிடமும் மறுபடி கேட்கவில்லை. கேட்பதற்கு அப்போது என்ன அவசியம் இருந்தது?

போர் நடந்துகொண்டிருந்த ஒரு வருடம், மழை நின்றதும் காய்ச்சல் வந்தது. வருடா வருடம் வருவதுதான். ஆனால் அந்த வருடம் அதற்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரை இல்லை. போரில் கொய்னா வருகிற வழியே அடைபட்டுவிட்டது என்று கீழே சொன்னார்கள். பள்ளியில் நாங்கள் வைத்திருந்த கொஞ்சத்தையும் இவள் படிக்க வந்தவர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுத்துத் தீர்த்திருந்தாள். நமக்கென்று நாலு மாத்திரை எடுத்து வை என்று நான் சத்தம் போட்டேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு அவளே படுத்தாள். குளிர் நடுக்கம் வரும்போது வீட்டிலிருந்த துணியெல்லாம் போர்த்தியும் பற்கள் கிட்டிக்கொள்ளும். நடுக்கம் விட்டால் உடம்பு கொதிக்கும். மலைப் பெண்கள் முறை வைத்து வந்து உட்கார்ந்தார்கள். ஏதோ இலையை அரைத்துச் சாறு கொடுத்தார்கள். எடைக்கல் வாசித்த பெண் தன் பெரிய குரலைத் தணித்துக்கொண்டு, "குடிச்சுருங்க சாமி, கசப்பு பாக்காதீங்க" என்று கெஞ்சினாள். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். நிறுத்தக் கூடாது என்று அவள்தான் சொல்லியிருந்தாள்.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, என்னயக் கீழ கொண்டு போயிருங்க."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கீழே ஆஸ்பத்திரிக்குப் போக முதலிலேயே நான் கூப்பிட்டேன், அவள்தான் மறுத்தாள். இப்போதாவது புத்தி வந்ததே என்றேன்.

"ஆசுபத்திரிக்கு இல்லீங்க. நான் பொழைக்கறது கஷ்டமுன்னு எனக்குத் தெரியுது. இங்கயே எனக்கு உசுரு போச்சுன்னா அப்புறம் இந்தக் கட்டடத்துக்குள்ள ஒருத்தரும் காலு வெக்க மாட்டாங்க. அந்தப் பாழூட்டப் பாத்தீங்கல்ல?"

நான் கத்தினேன். காய்ச்சலில் கிடக்கிறவள் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். பள்ளிக்கூடமாவது மண்ணாங்கட்டியாவது, இந்த உடம்போடு மலை இறங்கினால் வழியிலேயே போய்விடுவாய், படிக்கிறவன் படிக்கிறான், படிக்காதவன் கிடக்கிறான், உனக்கென்ன என்றேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். என் சத்தம் அடங்கட்டும் என்று காத்திருப்பது அவளுக்குப் பழக்கம்தான்.

"நமக்குப் புள்ள குட்டி இல்லீங்க" என்றாள். "இது ஒண்ணுதான் நாம ரெண்டு பேரும் சேந்து வளத்தது. என்னால இது பாழாப் போகோணுமா?"

 அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே போய் நின்று அழுதேன். அவளுக்காக அந்தக் கட்டடத்தை என் கையாலேயே இடித்துத் தள்ளியிருப்பேன். ஆனால் அவள் கேட்டது அதுவல்லவே.

விடிந்ததும் ஊர்க்கவுண்டரிடம் ஆஸ்பத்திரிக்கு என்று மட்டும் சொன்னேன். வலுவான மூங்கிலில் போர்வையைத் தொட்டிலாகக் கட்டினார்கள். எங்களிடம் படித்தவர்களே தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கினார்கள். வாசலைத் தாண்டும்போது போர்வையை விலக்கிக் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தாள். பெண்கள் பாதை திரும்பும் வரை கூடவே வந்தார்கள். "சீக்கிரம் வந்துருங்க, எங்குளுக்கு இன்னும் கூட்டெழுத்தே வரலீங்க" என்றாள் ஒருத்தி. வந்துவிடுகிறேன் என்று இவள் தலையாட்டினாள்.

இறக்கம் கடுமையானது. எவ்வளவு பதனமாகத் தூக்கினாலும் ஒவ்வொரு கல்லிலும் உடம்பு குலுங்கியது. குலுங்கும்போதெல்லாம் முனகினாள். முனகல் எனக்குக் கேட்டுவிட்டதா என்று என்னைப் பார்ப்பாள். பாதி மலைக்கு மேல் இறங்கி, மரங்களுக்கு இடையே சேந்தமங்கலம் தெரிகிற இடத்தில் தண்ணீர் கேட்டாள். இறக்கி வைத்தார்கள். நான் ஊற்றிய தண்ணீர் கடைவாயில் வழிந்தது. என் மடியில்தான் போனாள்.

கீழே கொண்டுபோய்ச் சுடுகாட்டுக் காரியங்களை முடித்தோம். சொந்தக்காரர்கள் வீட்டில் காரியம் முடியும் வரை இருந்தேன். இனி மலைக்குப் போகாதே என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் போக மனமில்லை. ஆனாலும் அவள் உயிரைக் கொடுத்து மிச்சம் வைத்த பள்ளி அங்கே இருந்தது. அதை அப்படியே விட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? பல்லைக் கடித்துக்கொண்டு தனியாக ஏறினேன்.

மேலே போய்ப் பார்த்தால் வாசலைக் காணோம். கதவையும் நிலையையும் பெயர்த்தெடுத்து, அந்த இடத்தில் மண் வைத்து அடைத்திருந்தார்கள். பூச்சு இன்னும் முழுதாகக் காயவில்லை.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அவள் இங்கே சாகவில்லை, நடுமலையில் செத்தாள், உங்களுக்காகத்தான் போய்ச் செத்தாள், பிறகும் அடைத்துவிட்டீர்களே என்று அந்த ஈரச் சுவரைக் கையால் அறைந்து அறைந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்பதைச் சத்தம் கேட்டு வந்தவர்கள் புரிந்துகொள்ளவில்லை. துக்கத்தில் பிதற்றுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். எடைக்கல் வாசித்த பெண் வந்து என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அழாதீங்க வாத்தியாரே. அந்தப் பக்கம் வாங்க."

கட்டடத்தைச் சுற்றி அழைத்துப் போனாள். கிழக்குப் பார்த்த பக்கத்தில், படிக்க வருகிறவர்கள் எல்லோரும் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் வாசல் அளவுக்குக் கரியால் கோடு போட்டு, மண்ணைப் பாதி ஆழத்துக்குச் செதுக்கி வைத்திருந்தார்கள். பழைய நிலையும் கதவும் பக்கத்தில் சாத்தியிருந்தன. ஊர்க்கவுண்டர் எழுந்து வந்து ஒரு கடப்பாரையை என்னிடம் நீட்டினார்.

"காச்சல்ல ஆளு போயிட்டா அந்த வாசலோட பொழங்க மாட்டமுங்க. அதை அடைச்சுப்போட்டுப் புது வாசல் திறந்துக்குவோம். போனவங்க ஊட்டு ஆளுதான் மொதல்ல இடிக்கோணும். அதான் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கறோமுங்க."

"அவள் இங்கே சாகவில்லையே" என்றேன்.

"எங்க போனா என்னங்க? இந்த வாசல்ல இருந்துதானே போனாங்க. இதுதானே அவிய ஊடு."

தண்ணீர்த் துறைப் பக்கம் கையைக் காட்டி, அப்படியானால் அந்தப் பாழ்வீடு ஏன் அப்படிக் கிடக்கிறது என்று கேட்டேன். 

"அந்த ஊட்டுல வாசல் திறக்க ஆருங்க இருந்தா?" என்றார் அவர். "அல்லாருமே போயிட்டாங்க."

நான் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளை எதற்காகத் தூக்கிப் போனோம் என்று அவர்களிடம் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. தோள் கொடுத்துத் தூக்கியவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எதற்கு அந்தப் பாரம்?

"இடிங்க சாமி" என்றாள் அந்தப் பெண்.

இடித்தேன். பாதி செதுக்கிய சுவர்தான், சீக்கிரமே விட்டுக்கொடுத்தது. மண் உள்ளே சரிந்து வெயில் போய் விழுந்த இடத்தில் மூங்கில் தட்டி தெரிந்தது. அதற்குப் பின்னால் அவள் பாய் விரித்தபடியே கிடந்தது. அந்தப் பாயிலேயே, குலுங்காமல், அவள் கண்ணை மூடியிருக்கலாம்.