ஞானஸ்நானம் இல்லாத விண்ணப்பம்

1. சந்தையில் வந்த செய்தி

"றெஜினாக்கா, வெள்ளிக்கிழமைக்குள்ளை எங்கடை பிள்ளைக்கு ஞானஸ்நானம் எடுக்கலாமோ?"

திங்கட்கிழமை காலையில் நான் அலுவலகக் கதவைத் திறந்து கைப்பையை மேசையில் வைக்கும் முன்பே யோகேஸ்வரி இப்படிக் கேட்டார். கபோ சந்தையிலிருந்து நேரே வந்திருந்தார். கையில் இருந்த பையில் கத்தரிக்காயும் புதினாவும் தெரிந்தன. இன்னும் சற்று நேரத்தில் அவர் ஒரு சிஞோராவின், அதாவது இத்தாலிய எசமானியின், வீட்டில் சமையலுக்கு நிற்க வேண்டும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எங்கள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில், ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் ஏஜென்சி இருக்கிறது. இங்கிருக்கும் பிள்ளைகளைக் கனடாவில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ப்பது எங்கள் வேலை. முதலாளி சிஞோரா லோரெத்தா இத்தாலியக் குடும்பங்களைப் பார்க்கிறார். மன்னாரிலிருந்து வந்து பல வருடம் வீடுகளில் முதியோரைப் பராமரித்த நான், இப்போது தமிழ்க் குடும்பங்களைப் பார்க்கிறேன். எங்கள் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை அங்குள்ள கத்தோலிக்கப் பள்ளிச் சபைகளுக்கு, அதாவது பள்ளிகளை நடத்தும் வாரியங்களுக்கு, போகின்றன. சீருடை, ஒழுங்கு, ஜெபத்தோடு தொடங்கும் நாள் என்றால் எங்கள் தமிழ்ப் பெற்றோருக்கு மனம் நிறைந்துவிடும். வெளிநாட்டுப் பிள்ளை கட்டணம் கட்ட வேண்டும். வயது குறைந்த பிள்ளைக்கு அங்கே கஸ்டோடியன் ஒருவர், அதாவது சட்டப்படி பொறுப்பேற்கும் பெரியவர் ஒருவர், இருக்க வேண்டும்.

யோகேஸ்வரியின் மகள் அபிராமிக்கு இவை எல்லாம் சரியாக இருந்தன. கனடாவில் உள்ள சின்னம்மா கஸ்டோடியன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மதிப்பெண்கள் நல்லவை. அபியின் தகப்பன் நகரின் ஓரத்தில் பிரான்காச்சோவில் ஒரு சின்னப் பட்டறையில் மோட்டருக்குக் கம்பி சுற்றும் வேலை செய்கிறார். விடுமுறையில் பஸ் ஏறித் தகப்பனோடு போய் நின்ற பிள்ளைக்கு அந்த வேலை கைக்குள் வந்துவிட்டது. நாங்கள் தேர்ந்தெடுத்த பள்ளியில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முழு வசதியோடு ஓர் இயந்திரப் பட்டறை உண்டு. அதன் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அபி வேறு பள்ளியின் பெயரைக் கேட்கவே மறுத்தாள்.

"ஞானஸ்நானம் எடுக்கச் சொன்னது ஆர்?" என்று கேட்டேன்.

"மீன்காரனுக்குப் பக்கத்திலை நிண்டு தெரேசாக்கா சொன்னவ. கத்தோலிக்கப் பள்ளிக்கூடமெண்டால் ஞானஸ்நானம் எடுத்த பிள்ளையளைத்தான் எடுப்பினமாம். நீங்கள் எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"அது சின்ன வகுப்புகளுக்கு. ஒன்பதாம் வகுப்புக்கு மேலை எந்தச் சமயமெண்டாலும் சேரலாம். சமய வகுப்புக்கும் பூசைக்கும் போகவேணும், அவ்வளவுதான்."

"அப்ப இடம் நிச்சயமோ?"

அதற்கு என்னால் ஓம் சொல்ல முடியவில்லை. செப்டெம்பர் இன்டேக்கில் அந்தப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு ஓர் இடமே மிஞ்சியிருந்தது. வேறொரு நாட்டிலிருந்து ஒரு கத்தோலிக்கப் பையனும் அதே இடத்துக்கு விண்ணப்பித்திருந்தான். இருவரும் சமமாக இருந்தால் கத்தோலிக்கப் பிள்ளைக்கே முதலிடம் என்பது அந்தச் சபையின் விதி. அடுத்த வருடம் வரை காத்திருந்தால் அபிக்கு அந்த வகுப்புக்கான வயது கடந்துவிடும். வெள்ளிக்கிழமை வீடியோ இன்டர்வியூவோடு முடிவு எடுப்பதாகவும், அதற்கு முன் முழு விண்ணப்பமும் வந்துசேர வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

உள்ளறையிலிருந்து சிஞோரா லோரெத்தா எட்டிப் பார்த்தார். விஷயத்தை இத்தாலியனில் சொன்னேன்.

"இந்த அம்மா ஞாயிற்றுக்கிழமையில் எங்கே போகிறாள்?" என்று கேட்டார்.

"மலைக்கு. சாந்தா ரொசாலியாவிடம்." இந்த நகரத்தின் காவல் புனிதைக்கு அந்த மலையில்தான் கோயில்.

"பிறகென்ன? நான் மலை ஏறிப் பத்து வருடம் இருக்கும். என்னைவிட இவள் பெரிய கத்தோலிக்கப் பெண். கத்தோலிக்கம் என்று போட்டுவிடு. கனடாவிலிருந்து யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?"

யோகேஸ்வரியின் முகம் மலர்ந்தது. இத்தாலியன் அவருக்கு நன்றாகவே விளங்கும்.

"சிஞோரா சொல்லுறது சரிதானே, அக்கா. நாங்கள் சைவக்காரர் எண்டாலும் செருப்பில்லாமல் ஏறுறம். நீங்கள் வேதக்காரர். கடைசியா எப்ப ஏறினனீங்கள்?"

"போன வருசம் போனனான்."

"நடந்தோ?"

"பஸ்ஸிலை."

"அது கணக்கிலை வராது."

இருவரும் சிரித்தோம். ஆனால் நான் பேனாவை எடுக்கவில்லை. கத்தோலிக்கம் என்று எழுதினால் ஞானஸ்நானச் சான்று கேட்பார்கள். எப்படியோ சமாளித்தாலும், முதல் மாதப் பூசையிலேயே நற்கருணை வாங்க வரிசையில் நிற்கச் சொல்வார்கள். பொய் சொல்லப்போவது நாங்கள். அதை அங்கே நாள்தோறும் சுமக்கப்போவது பிள்ளை. இதை அப்படியே சொன்னேன்.

சிஞோரா தோளைக் குலுக்கினார். "சரி. இடம் கைவிட்டுப் போனால் தாய்க்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். நான் சொல்லமாட்டேன்."

2. அபியிடம் கேட்ட கேள்வி

யோகேஸ்வரி விடவில்லை. அன்று பின்னேரம் அபியையும் கூட்டிக்கொண்டு, கபோவில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலின் பங்குச் சாமியாரிடம் போனோம்.

அவர் வயதானவர். சிசிலியன் கலந்த இத்தாலியனில் மெதுவாகப் பேசுவார். யோகேஸ்வரி சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, "ஞானஸ்நானம் கேஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தில் குத்தும் முத்திரை இல்லை, சிஞோரா. இந்த வயதுப் பிள்ளை ஒரு வருடமாவது ஆயத்தம் செய்ய வேண்டும்," என்றார். பிறகு அபியைப் பார்த்து, "நீ விரும்புகிறாயா?" என்று கேட்டார்.

அபி என்னைப் பார்த்தாள். "ஆனா... இதை என்னட்டை இவ்வளவு நாளும் ஒருத்தரும் கேக்கேல்லை, அன்ரி."

"இப்ப கேக்கினம். சொல்லன்."

"நோ. எனக்கு மலைக்குப் போகவும் விருப்பம், அப்பாவின்ரை முருகனும் வேணும். ஒண்டை விடச் சொன்னால் எனக்கு ஏலாது."

யோகேஸ்வரி மகளின் முழங்கையில் கிள்ளினார். சாமியார் அதைக் கவனித்துப் புன்னகைத்தார்.

அந்த நேரம் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சாக்ரிஸ்தானோ சாவிக்கொத்தோடு வந்தார். அபியைக் கண்டதும், "அட, எங்கள் எலெத்ரிசிஸ்தா. மேல் வரிசை இன்னும் எரிகிறது, வந்து பார்," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் சொன்னார்கள். அந்தக் கோயிலில் காசு போட்டால் எரியும் மின்மெழுகுதிரிப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் ஒரு வரிசை நெடுநாள் எரியாமல் கிடந்தது. தாயோடு கும்பிட வந்த அபி, சாக்ரிஸ்தானோவிடம் அனுமதி வாங்கிப் பெட்டியைக் கழற்றி, கருகிய வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறாள். பிறகு ஒலிபெருக்கியையும் பார்த்துக் கொடுத்தாளாம். யோகேஸ்வரிக்கு இது தெரியும். ஆனால் எங்களிடம் சொல்லத் தோன்றவில்லை.

"இதிலை என்ன கிடக்கு சொல்ல?" என்றார். "வயர் அறுந்தால் கட்டத்தானே வேணும்."

நான் சாமியாரிடம் ஒன்றே கேட்டேன். இந்தப் பிள்ளை கத்தோலிக்கப் பிள்ளை இல்லை என்பதையும், இந்தக் கோயிலில் அவள் செய்வதையும், மலைக்குப் போவதையும் உள்ளபடி எழுதித் தருவாரா? அவர் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். மறுநாள் விண்ணப்பத்தில் சமயம் என்ற இடத்தில் இந்து என்று எழுதி, அவருடைய கடிதத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்துச் சேர்த்து அனுப்பினேன்.

சிஞோரா அதைத் திரையில் வாசித்துவிட்டு, "மின்மெழுகுதிரி," என்றார். "நல்லது. மற்றப் பையனுக்கு மாமா ஒரு பிஷப்பாக இருக்கப்போகிறார், பார்."

3. வெள்ளிக்கிழமை

இன்டர்வியூ எங்களுக்குப் பின்னேரம், அங்கே காலை. எங்கள் அலுவலகத்தில் அப்போது ஒரு விதி இருந்தது. பிள்ளையும் நானும் அறைக்குள்ளே; பெற்றோர் வெளியே. பெற்றோர் உள்ளே இருந்தால் பிள்ளை திரையைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்துப் பதில் சொல்லும்.

அபி வந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது அவள் கழுத்து. வெள்ளைச் சட்டைக்கு மேலே பெரிய செபமாலை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் திருநீறு அழித்த தடம் இருந்தது.

"இதென்ன, யோகேஸ்?"

"மலையிலை வாங்கினது. நல்ல வடிவாக் கிடக்கெல்லே?"

"செபமாலை கையிலை வைச்சுச் செபிக்கிறது. சங்கிலி மாதிரிப் போட்டால் கத்தோலிக்கருக்கு உடனை தெரியும், இது வேறை வீட்டுப் பிள்ளையெண்டு."

"ஐயோ, கழட்டு, கழட்டு," என்று தாயே அவசரமாகக் கழற்றிவிட்டார். "நான் அரைமணித்தியாலம் அயன் பண்ணின சட்டைக்கு மேலை போட்டு விட்டனான்."

அபி சிரித்தாள். தாயின் கைப்பையைத் திறந்து, தாளில் மடித்திருந்த திருநீற்றை எடுத்து மெல்லிய கோடாகப் பூசிக்கொண்டாள். தாய் செபமாலையைக் கைப்பைக்குள் வைத்தார். வெளியே போய் நீள வாங்கில் உட்கார்ந்தார். கதவு முழுதாகச் சாத்தவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

திரையில் வந்த ஒருங்கிணைப்பாளர் என் வயதுப் பெண். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு சிலுவை இருந்தது. முதலில் படிப்பைப் பற்றிக் கேட்டார். மோட்டர் திருத்தும் வீடியோக்களைப் பார்த்துப் பழகிய ஆங்கிலம் அபியினுடையது. வினைச்சொற்கள் தடுமாறும், கருவிகளின் பெயர்கள் தடுமாறா. பட்டறையைப் பற்றிப் பேசும்போது கையாலேயே காற்றில் கம்பி சுற்றிக் காட்டினாள்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"நீ இந்து என்று எழுதியிருக்கிறாய். எங்கள் பள்ளியில் ஜெபம் உண்டு, சமய வகுப்பு உண்டு, எல்லோரும் சேர்ந்து பூசைக்குப் போவோம். அங்கே நீ என்ன செய்வாய்?"

அபி சற்று யோசித்தாள். "ஜெபத்துக்கு எழும்பி நிற்பேன். பூசையில் எப்போது உட்காருவது, எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்று எனக்குத் தெரியும். நற்கருணை நேரத்தில் இருக்கையிலேயே இருப்பேன். அது எனக்கு உரியது இல்லை. ஆனால் மற்றவர்கள் வாங்கும்போது நான் ஃபோனைப் பார்க்கமாட்டேன்."

ஒருங்கிணைப்பாளர் எதையோ எழுதினார். "சமய வகுப்பு உனக்குக் கஷ்டமாக இருக்காதா?"

"இருக்கலாம், மிஸ். கேள்வி கேட்கலாம்தானே?"

"கேட்கத்தான் வேண்டும்." அவர் தலை நிமிர்ந்தார். "உங்கள் பங்குக் குரு எழுதிய கடிதத்தில் ஒரு மலையும் வருகிறது. இந்துக் குடும்பம் ஒன்று ஏன் ஒரு கத்தோலிக்கப் புனிதரிடம் போகிறது?"

அபிக்கு ஆங்கிலம் வரவில்லை. என் பக்கம் திரும்பி, "நாங்கள் ஏன் மலைக்குப் போறமெண்டு கேக்கினம், அன்ரி," என்றாள். நான் வாய் திறக்கும் முன்பே கதவு திறந்து, யோகேஸ்வரி அறைக்குள் வந்து மகளின் பின்னால் நின்றுவிட்டார். திரையில் அவருடைய தலை பாதிதான் தெரிந்தது.

"அபி, நான் சொல்லுறதை அப்படியே சொல்லு," என்றார்.

"அம்மா, பாஸ்தா, போதும், வெளியாலை போங்கோ..."

"சொல்லு பிள்ளை. நாங்கள் இஞ்சை வரேக்கை எங்களுக்கு ஒருத்தரும் இல்லை. இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெஸ்ஸோ இல்லை, வேலை இல்லை, பாசை தெரியாது. போற இடமெல்லாம் பேப்பர் கேட்டவை. அப்ப ஒரு பிள்ளை சொல்லிச்சுது, மலையிலை ஒரு தாய் இருக்கிறா, போய்க் கதையெண்டு. போனன். தமிழிலைதான் கதைச்சனான். கேட்டுக்கொண்டிருந்தா. அவ என்னட்டை ஒரு சேட்டிபிக்கேட்டும் கேக்கேல்லை."

அபி ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் சொன்னாள். கடைசி வரிக்கு வந்ததும் அவளுடைய குரல் தாழ்ந்தது, ஆனால் முடித்தாள். ஒருங்கிணைப்பாளர் எழுதுவதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "உங்கள் அம்மாவை நடுவுக்கு வரச் சொல்லு. எனக்கு நெற்றி மட்டும்தான் தெரிகிறது," என்றார்.

யோகேஸ்வரி குனிந்து திரைக்குள் முகம் காட்டி, "குட் மோர்னிங், மேடம்," என்றார்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும், நன்றாகத் தூங்கினேன். செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது. ஆனால் செவ்வாய்க்கிழமை அந்த மின்னஞ்சல் வந்தபோது, திறக்க முன்பு கதிரையை மேசைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டேன்.

இடம் அபிக்கு. காரணத்தை ஒரு வரியில் எழுதியிருந்தார்கள்: தன் நம்பிக்கையை மறைக்காமலும் மற்றவர் நம்பிக்கையை மதித்தும் பேசத் தெரிந்த பிள்ளை எங்கள் வகுப்பறைக்கு வேண்டும்.

சிஞோரா லோரெத்தா அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு கீழே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பெட்டி கன்னோலி இனிப்பு இருந்தது. "நான் சொன்னபடி எழுதியிருந்தால் இது கிடைத்திருக்காது, தெரியும். சொல்லிக்காட்டாமல் சாப்பிடு," என்றார்.

யோகேஸ்வரிக்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுபக்கத்தில் அடுப்பில் ஏதோ பொரியும் சத்தம் கேட்டது. "சரியக்கா," என்றார். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, "இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றார். மூன்று தரம் சொல்லவைத்தார்.

கனடாவின் மாணவர் விசாவான ஸ்ரடி பெர்மிட்டும் தடையின்றி வந்தது. அபி இப்போது அந்தப் பள்ளியின் பட்டறையில் இருக்கிறாள். ஆடி அசையும் கடைசல் இயந்திரம் ஒன்றைச் சரிசெய்யும் வீடியோவை எனக்கு அனுப்பியிருந்தாள். பின்னணியில் ஓர் ஆசிரியர் கை தட்டுவது கேட்கிறது.

அந்த விண்ணப்பத்துக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் இரண்டு வழக்கங்கள் மாறின. பெற்றோருக்கும் அறைக்குள்ளே கதிரை உண்டு. மற்றது, முதல் சந்திப்பில் நான் கேட்கும் கேள்வி. முன்பெல்லாம் "என்ன சமயம்?" என்று கேட்பேன், ஒரு சொல்லில் பதில் வரும், அதைக் கட்டத்தில் எழுதுவேன். அந்த ஒரு சொல்லில் அபியைப் பற்றி எதுவும் இருக்கவில்லை. இப்போது, "ஞாயிற்றுக்கிழமையிலை என்ன செய்வியள்?" என்று கேட்கிறேன். இந்தத் தொழிலில் நான் கற்றது இதுதான். நீங்கள் யார் என்று கேட்டால் குடும்பம் பள்ளிக்குப் பிடிக்கும் என்று நினைப்பதைச் சொல்லும். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லும்.

போன கிழமை, ஊரில் தீவுப்பக்கத்தைச் சேர்ந்த வேதக்காரத் தகப்பன் ஒருவர் மகனோடு வந்தார். அதே கேள்வியைக் கேட்டேன். மகனைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நித்திரை, தங்கச்சி. கிழமையிலை ஆறு நாளும் விடிய நாலு மணிக்கு வேலை."

அந்தப் பதிலிலிருந்துதான் மகனின் விண்ணப்பத்தை எழுதத் தொடங்கியிருக்கிறேன்.