ஜமீலா மூடாத பிழை

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரும் எங்கள் கம்பெனி பஸ்ஸின் வாட்ஸப் குழுவில்தான் செய்தி வந்தது. ஜமீலா காலையில் மாரடைப்பில் போய்விட்டாராம். எனக்குப் புரியவில்லை. முந்தின நாள் மாலை என்னோடு சண்டை போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார். வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்தேன். அடக்கத்துக்குப் போய் வந்த பிறகும் மனசு அப்படியேதான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். நான் மஞ்சு, புரோகிராம் எழுதுகிறவன். அதில் பிழை பிடிப்பது அவர் வேலை. "மாங்கா மண்டி வெச்ச வீட்டுப் பொண்ணு நானு. மேல அடுக்குன பழத்தப் பாத்து ஏமாற மாட்டேன்" என்பார். அடிப்பெட்டி வரை கிளறாமல் விட்டதே இல்லை.

சண்டை இதுதான். தொழிற்சாலையின் உதிரிபாகங்களை என் புரோகிராமில் டிக்ஷனரி என்கிற, அறை அறையாகப் பிரித்த பட்டியலில் வைத்திருந்தேன். பாகத்தின் பெயரையும் அளவையும் கொண்டு ஹாஷ் கோடு என்ற எண் ஒன்று கணக்காகும். எந்த அறையில் தேடுவது என்பதை அந்த எண்தான் சொல்லும். ஜமீலா ஒரு போல்ட்டை உள்ளே வைத்தார். உள்ளே இருக்கும்போதே அதன் அளவைத் திருத்தினார். பிறகு தேடினால் இல்லை என்றது புரோகிராம். மொத்தம் எத்தனை என்று கேட்டால் ஒன்று என்றது.

"உள்ளதான் இருக்குது மஞ்சு. அளவு மாறுனதும் நம்பரு மாறிப்போச்சு. இது புது ரூமுல போய்த் தேடுது, அது பழைய ரூமுலயே உக்காந்திருக்குது."

வைத்த பிறகு யார் திருத்தப்போகிறார்கள் என்று எகிறினேன். அவர் பிழையைப் பதிவுசெய்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பிழையைச் சரிசெய்வது எழுதியவர் பொறுப்பு. சரியாகிவிட்டது என்று மூடுவது அதைச் சொன்னவர் மட்டுமே. ஜமீலா கொண்டுவந்த வழக்கம். "நீங்களே திருத்தி நீங்களே பாஸ் போட்டுக்கிட்டா, அப்புறம் நான் எதுக்கு?"

போன வாரம் திருத்தினேன். இப்போது அளவு மாறினால் புரோகிராமே பாகத்தை வெளியே எடுத்து, புது எண் போட்டு, புது அறையில் வைக்கும். அவர் செய்ததை அப்படியே செய்து தேடினேன். கிடைத்தது. என் பெயரிலேயே மூடிவிடச் சொல்கிறார் மேனேஜர். அவர் சொல்வது நியாயம்தான். என்னால் முடியவில்லை. ஏன் என்று கேட்டால் ஒழுங்காகச் சொல்லவும் தெரியவில்லை. டீ சொல்லும்போது ஜமீலாவையும் சேர்த்தே எண்ணிவிடுகிறேன். திரும்பினால் நாற்காலி காலியாக இருக்கிறது.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தப் பிழை ஒன்றுதான். சரிசெய்துவிட்டேன், ஜமீலா. நீங்கள் பார்த்துச் சொல்லாமல் மூட மாட்டேன்.