அண்ணியின் சிங்கப்பூர்ச் சான்றிதழ்

கனடாவின் குடியேற்ற அலுவலகத்திலிருந்து அந்த மின்னஞ்சல் கார்த்திகையில் ஒரு மழை நாளில் வந்தது. என் அண்ணன் கோபி அங்கே சஸ்கட்டூன் நகரத்தில் லாரி டயர் கடையில் வேலை செய்கிறான். நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்ததும் மனைவியை அழைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டிருந்தான். கல்யாணமாகி இரண்டரை வருடம். அதில் இருவரும் ஒரே வீட்டில் இருந்தது நாற்பத்தொரு நாள்.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு ஆங்கிலத்தில் எது வந்தாலும் என்னிடம்தான் வரும். நான் படித்துத் தமிழில் சொன்னேன். அறுபது நாளுக்குள் இரண்டு போலீஸ் சான்றிதழ் அனுப்ப வேண்டும். ஒன்று இந்தியாவிலிருந்து. இன்னொன்று சிங்கப்பூரிலிருந்து, ஏனென்றால் அண்ணி அங்கே மூன்று வருடம் இருந்தவர். ஆறு மாதத்துக்கு மேல் தங்கிய எந்த நாடானாலும் அந்த நாட்டுப் போலீஸ், இவர்மேல் குற்றம் எதுவும் இல்லை என்று எழுதித் தர வேண்டும். தராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"சிங்கப்பூர வுட்டுட்டு இந்தியாத மட்டும் அனுப்புனா ஆவாதா?"

"ஃபார்ம்லயே அண்ணன் எழுதிட்டான் அண்ணி. பாஸ்போர்ட்ல முத்திரை வேற கீது."

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

களைந்த அரிசியை எடுத்து மறுபடியும் களைய ஆரம்பித்தார்.

என் அண்ணியின் பெயர் கலைப்பிரியா. விழுப்புரத்தை அடுத்த கெடார் சொந்த ஊர். சொந்த நிலம் உண்டு. அப்பா இறந்த பிறகு அம்மா, சின்னபொண்ணு என்று பெயர், ஒருத்தியே அதைப் பார்த்துக்கொண்டாள். பன்னிரண்டாவது முடித்த அண்ணி ஜவுளிக் கடையில் நின்றார், நர்சரிப் பள்ளியில் ஆயாவாக இருந்தார், இருபத்து மூன்று வயதானதும் ஒரு ஏஜென்ட் மூலம் சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போனார். பதினோராவது மாடியில் ஒரு குடும்பம், இரண்டு குழந்தைகள். ஒப்பந்தம் முடிந்து, கொரோனாவுக்குச் சற்று முன்பு திரும்பி வந்தார்.

எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவரிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்திருக்கிறேன். தாய் வீட்டுக்குக் கிளம்பும்போது பையின் ஜிப்பைத் திறந்து கட்டிலில் என் அம்மா உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஏதோ வேலையாக இருப்பதுபோலக் கால் மணி நேரம் உள்ளே போய்விடுவார். அதன் பிறகுதான் வந்து மூடுவார். "பைய தொறந்துபோட்டுட்டு எங்கடி போன, பூனை வாய வெக்கப்போவுது" என்று அம்மா கத்துவாள். அதில் புடவையைத் தவிர எதுவும் இருக்காது.

மின்னஞ்சல் வந்த இரண்டாம் நாளே அண்ணி கெடாருக்குப் புறப்பட்டார். மார்கழிப் பட்டத்து விதைப்புக்காக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரிக்க வேண்டுமாம்.

"உரிக்கிறதுக்கு கெடார்ல ஆளே கெடைக்கலியா?" என்றாள் அம்மா. என் அம்மா கோவிந்தம்மாளுக்கு மெதுவாகப் பேச வராது.

"அம்மா ஒண்டியா கீறாங்க அத்தை."

"நீ கனடாவுக்குப் போயிட்டா அப்ப யாரு உரிப்பாளாம்? அங்கேர்ந்து பொட்டலம் கட்டி அனுப்புவியா?"

அண்ணி சிரிக்கவில்லை. எட்டு நாள் கழித்துத்தான் வந்தார். அதற்குள் நான் சிங்கப்பூர் போலீசின் இணையதளத்தைப் படித்து வைத்திருந்தேன். விண்ணப்பத்தோடு பத்து விரல் ரேகைகளையும் மையில் உருட்டி எடுத்த தாள் வேண்டும். நம் ஊர்க் காவல் நிலையத்தில் எடுத்து, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, கூரியரில் அனுப்ப வேண்டும்.

திண்டிவனம் காவல் நிலையத்துக்கு இருவரும் போனோம். அண்ணி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். உள்ளே ஏட்டு ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா கேஸு?"

"கேஸ் இல்ல சார், கனடா," என்றேன்.

"கனடாவுல கேஸா?"

விளக்கிச் சொன்னதும் அவர் நல்லபடியாகவே நடந்துகொண்டார். கண்ணாடித் தகட்டில் மையைத் தேய்த்து, அண்ணியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து உருட்டினார். தாளில் பத்துக் கறுப்புத் திட்டுகள்தான் விழுந்தன. துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார். அதே திட்டுகள்.

"ஜோசியக்காரன் உன் ஊட்டுக்கு வந்தான்னா பட்டினியா திரும்பிப் போவான் போலக்கீதே. இன்னாம்மா பண்ண கைய?"

"மல்லாட்டை உரிச்சேன் சார்."

"அதான பாத்தேன். இங்க ஆவாது. விழுப்புரம் எஸ்.பி. ஆபீஸ்ல விரல்ரேகைக்குன்னே ஆள் கீறாங்க. அங்க போ."

வெளியே வந்ததும் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். காரியம் கெட்டதற்கு வருத்தப்படுகிற முகமாக அது இல்லை. எனக்கு அது புரியவில்லை, கேட்கவும் தோன்றவில்லை.

விழுப்புரத்தில் எங்களைப் பார்த்தவர் ஜெகதீசன் என்ற அதிகாரி. ஓய்வு பெறும் வயது. மையைத் தொடுவதற்கு முன் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து அண்ணியின் விரல்களை ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார்.

"இன்னா வேலை செய்யிற?"

"மல்லாட்டை உரிச்சேன் சார். விதைக்கு."

"நானும் மல்லாட்டை போடுற ஊட்டுல பொறந்தவன்தாம்மா. உரிச்சா கட்டைவெரலும் ஆள்காட்டி வெரலும் தேயும். நடுவெரல் கொஞ்சம் தேயும். சுண்டுவெரல் எப்படி தேஞ்சிது? அதுவும் ரெண்டு கையிலயும்?"

அண்ணி விரல்களை மடக்கிக்கொண்டார். அதிகாரி என்னைப் பார்த்தார்.

"நீ யாரு?"

"நாத்தனார் சார்."

"செத்த வெளிய நில்லும்மா."

நின்றேன். கதவு திறந்தேதான் இருந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசியது கேட்டது. "யாருக்கு பயந்துக்கினு இதப் பண்ணியோ, நான் கேக்கல. ஆனா ஒண்ணு தெரிஞ்சிக்கோ. தோலுதான் போயிருக்குது. ரேகை உள்ளேர்ந்து வரும். எத்தினி தபா தேச்சாலும் முன்ன இருந்த அதேதான் வரும். பதினஞ்சு நாள் தேங்கா எண்ணெய் தடவிக்கினு கைய சும்மா வெச்சிரு. பாத்திரம் தேய்க்காத. அப்புறம் வா, நானே எடுத்துத் தர்றேன்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அண்ணி வெளியே வந்தபோது உதடு வெளுத்திருந்தது. அதேதான் வரும் என்ற சொல் அவரை எப்படி அடித்திருக்கிறது என்று எனக்கு அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

பேருந்து நிலையத்தில் டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் குடிக்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

சிங்கப்பூரில் இரண்டாவது வருடம், சின்னக் குழந்தையின் தங்கக் கைச்சங்கிலி காணாமல் போனது. வீட்டுக்காரம்மா போலீசுக்குச் சொல்லிவிட்டார். மத்தியானம் சாதம் வடித்துக்கொண்டிருந்த அண்ணியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. தமிழ் தெரிந்த ஒரு பெண் போலீஸ் கேள்வி கேட்டார். சொன்னதையெல்லாம் எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்கினார்கள். பயத்தில் எதுவும் காதில் ஏறவில்லை. எதில் கையெழுத்துப் போட்டோம் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. சாயங்காலம் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் துணி துவைக்கும் இயந்திரத்தின் வாயிலிருக்கும் ரப்பர் மடிப்புக்குள் சங்கிலி கிடந்தது. வீட்டுக்காரம்மா மன்னிப்புக் கேட்டு ஒரு கேக் வாங்கிக் கொடுத்தார். ஆனால் போலீசில் எழுதினது என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை; அண்ணியும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்த பதினான்கு மாதமும் ஞாயிற்றுக்கிழமை வெளியே போகும்போதெல்லாம் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போனாராம். யாரும் காட்டச் சொல்லவில்லை.

"அங்க என் பேர்ல எழுதி வெச்சிருப்பாங்க தையலு. திருட்டு கேஸுன்னு." தையல்நாயகி என்ற என் பெயரை வீட்டில் இப்படித்தான் சுருக்குவார்கள்.

"அதுக்கு கைய ஏன் அண்ணி...?"

"வேலைக்குப் போனப்பவே அங்க என் வெரல் ரேகைய எடுத்துக்கினாங்க. மல்லாட்டை பட்டம் வந்தாலே எங்கம்மாவுக்கு ரேஷன் கடை மிஷின்ல வெரல் வுழாது. ஆளே இல்லன்னு காட்டும். சிங்கப்பூர்லயும் அப்படி காட்டுனா, கலைப்பிரியான்னு யாரும் அங்க தப்பு பண்ணலன்னு எழுதிக் குடுத்துடுவாங்கன்னு நெனச்சேன்." மூன்று மூட்டை உரித்தும் சில விரல்கள் தேயவில்லை. அவற்றை அம்மிக்கல்லின் விளிம்பில் தேய்த்திருக்கிறார். இரண்டு விரலில் ரத்தம் வந்திருக்கிறது.

அவரைவிட அந்த நேரத்தில் நான்தான் அதிகமாகப் பயந்தேன். அண்ணன் நிரப்பிய விண்ணப்பத்தை நான் பார்த்திருந்தேன். எந்த நாட்டிலாவது கைது செய்யப்பட்டோ காவலில் வைக்கப்பட்டோ இருக்கிறீர்களா என்று அதில் ஒரு கேள்வி உண்டு. அண்ணியைக் கேட்காமலே அவன் 'இல்லை' என்று போட்டிருந்தான். பேருந்து கூட்டேரிப்பட்டைத் தாண்டும் வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு சொல்லிவிட்டேன்.

"பொய் சொன்னதா நெனச்சா இன்னா பண்ணுவாங்க?"

"அஞ்சு வருஷத்துக்கு மறுபடி கேக்கவே முடியாதாம்."

முன் சீட்டின் கம்பியை அவர் அந்தக் கையாலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திண்டிவனம் வரும் வரை விடவில்லை.

அன்று சாயங்காலம் ஆறரைக்கு, அண்ணனுக்கு அது விடிகாலை, மொட்டை மாடியிலிருந்து அழைத்துச் சொன்னார். நானும் கூட இருக்க வேண்டும் என்றார். பேச்சு ஒலிபெருக்கியில் இருந்தது.

"ரெண்டரை வருஷமா ஒரு வார்த்தை சொல்லல நீ."

"நீங்க கேக்கலிங்களே."

"போலீஸ் புடிச்சிக்கினு போச்சான்னு எவன்டி பொண்டாட்டியக் கேப்பான்? அது அரெஸ்ட்டா, வெறும் விசாரணையா?"

"தெரியலிங்க."

"சரி, நீ எடுத்தியா?"

அண்ணி கைபேசியை என் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

"அண்ணா, நீ இன்னா கேட்டன்னு உனக்குத் தெரியுதா?" என்றேன். அவன் துண்டித்துவிட்டான்.

இரண்டு நாள் அழைப்பு இல்லை. அண்ணி சாப்பிட்டார், வீடு பெருக்கினார், எண்ணெய் தடவினார். பாத்திரம் நான் தேய்த்தேன். "மகாராணிக்கு கை வலியா? கனடாவுல மேக்கப் போட்டுக்கினுதான் பாத்திரம் தேய்ப்பாளோ?" என்று அம்மா கேட்டாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. ஒருமுறை அவர் என்னிடம், "அவுரு கூப்டலன்னா நான் கெடாருக்கே போயிடறேன். ஊர்ல ஏதாவது சொல்லிக்கலாம்," என்றார். ஏற்கெனவே முடிவு செய்தவர்போலப் பேசினார்.

மூன்றாம் நாள் அண்ணன் அழைத்தான். "நான் அப்படி கேட்டிருக்கக் கூடாது கலை. பயத்துல கேட்டுட்டேன். இன்னா நடந்துதோ அத முழுசா ஒரு லெட்டரா எழுதலாம். நான் ஃபார்ம்ல தெரியாம போட்டத நானும் எழுதறேன். சர்டிபிகேட்டு வரட்டும்."

பதினாறாம் நாள் விழுப்புரம் போனோம். ஜெகதீசன் சார் எடுத்த தாளில் பத்து விரலும் கோலம் போட்டதுபோலத் தெளிவாக விழுந்தன. கூரியரில் அனுப்பினோம். அதன் பிறகு வாசலில் பைக் சத்தம் கேட்டாலே அண்ணி சமையலறைக்குள் போய்விடுவார். நாள் கணக்கு அவருக்கு மனப்பாடம். நாற்பத்தைந்து, நாற்பத்தொன்பது, ஐம்பத்திரண்டு.

ஐம்பத்து நான்காம் நாள் உறை வந்தது. கிழித்தது நான். ஒரே பக்கம். அவர் பெயரில் குற்றப் பதிவு எதுவும் இல்லை என்றிருந்தது. தமிழில் சொன்னேன். மறுபடி படிக்கச் சொன்னார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

அண்ணன் கத்தியே விட்டான். "வந்துடுச்சி இல்ல! இத மட்டும் அனுப்பு தையலு, ஜல்தி. லெட்டர் கிட்டர்லாம் வேணாம். ஒண்ணுமில்லாதத எதுக்கு நாமளே கிளறணும்?"

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இத்தனை நாள் பயந்து வாங்கிய தாள் கையில் இருக்கிறது. இன்னும் ஆறு நாள் மீதி. கடிதத்தை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று யாருக்குத் தெரியும்?

அண்ணி என் கையிலிருந்து கைபேசியை வாங்கினார். "லெட்டரும் போவட்டுங்க. நான் கையெழுத்து போட்டது அங்க எங்கியோ கீது. அத வெச்சிக்கினு நான் அங்க வந்து உங்க ஊட்டு கதவ யாராவது தட்டுனாலும் பயந்துக்கினே இருக்க முடியாது. இங்க பயந்துக்கினு இருந்தது போதும்."

"அவங்க வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா?" என்றான்.

"சொன்னா சொல்லட்டும்." சொல்லிவிட்டு அழுதார்.

அன்று மத்தியானம் அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். 'ஒரு சிறிய விசாரணைக்காக' என்று எழுதிவிட்டு வாசித்துக் காட்டினேன். "சிறிசுன்னு போடாத. மத்தியானத்துலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் வெச்சிருந்தாங்க. அப்படியே போடு," என்றார். அடித்துவிட்டு அப்படியே போட்டேன். அண்ணன் தன் பங்குக்கு நான்கு வரி எழுதி அனுப்பினான். முன்பே வந்திருந்த இந்தியச் சான்றிதழோடு மூன்றையும் சேர்த்துப் பதிவேற்றினேன். கிடைத்தது என்று திரையில் வந்தது.

"இனிமே எத்தினி நாளு?"

"தெரியாது அண்ணி. அவங்க நாள் எதுவும் சொல்லல."

தலையாட்டினார். பிறகு எழுந்து போய், வெந்தயம் புடைத்துக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். "அத்தை, ஒண்ணு சொல்லணும்," என்றார். அம்மா முறத்தைக் கீழே வைக்காமலே, "இன்னாடி?" என்றாள். அண்ணி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.