தடை கிடைக்காத கழனி

பாகூர் பக்கம் எங்கள் கழனியைப் பெரியப்பா மனை போட்டு விற்கப்போகிறார் என்று தெரிந்ததும், கோர்ட்டுக்குப் போகலாம் என்று குதித்தது நான்தான். அப்பாவும் அவரும் வாய்ப்பேச்சாகவே பாகம் பிரித்துக்கொண்டவர்கள். பட்டா மூத்தவர் பேரில். உழுது அறுத்ததெல்லாம் அப்பா. தீர்ப்பு வரும்வரை நிலத்தைத் தொடாமலிருக்க இடைக்காலத் தடை வாங்கிவிட்டால் போதும். அதற்கு என்னென்ன காட்ட வேண்டும் என்று போனிலேயே படித்துத் தள்ளினேன். அப்பா நாற்று நடும் போட்டோ, உர ரசீது எல்லாவற்றையும் ஃபைல் போட்டு நீட்டியதும் எங்கள் வக்கீல் சிரித்தார். "இன்னா பாப்பா, நான் வூட்டுக்குப் போயிடட்டா?"

நிலம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்து எழுத, கோர்ட் வேறொரு வக்கீலைக் கமிஷனராக அனுப்பியது. அறுப்பு முடிந்து வெறும் நெல்தாள்தான் கிடந்தது. மோட்டார் கொட்டாயைத் திறக்கச் சொன்னார்.

"இருங்க சார், சாவி அண்ணன் வூட்ல இருக்குது," என்று அப்பா கிளம்பிவிட்டார்.

கழனியை ஒட்டித்தான் பெரியப்பா வீடு. காலையில் அண்ணன் கையால் சாவி வாங்குவதும் பொழுது சாயத் திருப்பிக் கொடுப்பதும் அப்பாவுக்கு மரியாதை. அவர் மேலேயே கேஸ் போட்ட பிறகும்! தினமும் பார்த்த எனக்கும் அது உறைக்கவில்லை.

சாவியோடு கூடவே வந்த பெரியப்பா, கமிஷனர் காதில் விழும்படி கேட்டார். "பூட்டு யாருதுபா?"

"உன்துதாண்ணா."

கமிஷனர் அப்படியே எழுதிக்கொண்டார்.

மனு தள்ளுபடி. பட்டா எதிர்த்தரப்பு பேரில். நிலம் தன் கையில் இருப்பதாக மனுதாரர் நம்பும்படி காட்டவில்லை. நஷ்டம் வந்தால் பணமாக ஈடுகட்டலாம். கேஸ் மட்டும் நடக்குமாம், எத்தனை வருஷமோ.

"அப்பீல் போலாம்பா, இன்னைக்கே!"

"போயி? பூட்டு என்துன்னு பொய் சொல்லச் சொல்றியா?" அப்பா பஸ்ஸுக்கு நடந்தார்.

அடுத்த வாரம் ஜேசிபி வந்தது. போட்டோவாவது எடுத்து வக்கீலுக்கு அனுப்பலாம் என்று அப்பாவை வண்டியில் உட்காரவைத்து ஓடினேன். வரப்பெல்லாம் அதற்குள் வாய்க்காலில் கிடந்தது.

"அக்கா, வண்டிய எடுங்க, டிப்பர் உள்ள வரணும்," என்று டிரைவர் கத்தினான்.

நான் அசையவில்லை.

"எடுடி. அவன் இன்னா பண்ணுவான்," என்றார் அப்பா.

எடுத்தேன். நாங்கள் நின்ற இடத்தில்தான் முதல் லோடு செம்மண் விழுந்தது.