ரூட் பெயருக்கு வந்த மூன்று மெயில்கள்

குழு நண்பர்களே, இன்று காலை தாம்பரத்தில் நடந்தது இது.

நான் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு லினக்ஸ் மெஷின். தினமும் காலை ஆறு மணிக்கு வார்டில் இருப்பவர்களின் பட்டியலைத் தானாகத் தயாரித்து அச்சடிக்கும். லீவு முடிந்து இன்றுதான் வந்த நர்ஸ், அதைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஆறுமுகம் கூட வந்தவங்க யாரு? ஊசி மருந்து வாங்கிட்டு வரணும்."

பெஞ்சில் இருந்த ஓர் அம்மாள் சட்டென எழுந்துவிட்டார்.

"நான்தாம்மா. ஆனா அவரு ஞாயித்துக்கெழமயே பூட்டாரு. டெத் சர்டிபிகேட் வாங்க வந்தேன்."

நர்ஸ் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அது சனிக்கிழமைப் பட்டியல். அன்று மத்தியானம் புரோகிராமை வேறு டைரக்டரிக்கு மாற்றியிருந்தேன். கையால் ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. ஆனால் குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான், அந்த டைரக்டரியில் தேடாது. புதுப் பட்டியல் தயாராகவில்லை. பிரின்டர் பழையதையே அடித்துக்கொண்டிருந்தது.

புரோகிராம் இருக்கும் முழுப் பாதையை எழுதிச் சரிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல சார். பேரச் சொல்லிக் கூப்ட்டதும், ஒரு நிமிசம் அவரு உள்ள கீறாருன்னு நெனச்சிட்டேன்."

பிறகுதான் நிர்வாகியான ரூட்டின் மெயிலைத் திறந்தேன். ஞாயிறு, திங்கள், இன்று. மூன்று நாளும் காலை ஆறு மணிக்கு, 'கமாண்ட் கிடைக்கவில்லை' என்று மெஷின் எழுதியிருக்கிறது. ஒன்றைக்கூட யாரும் படிக்கவில்லை. அங்கே ரூட் என்பது நான்தான்.

உங்கள் மெஷின் உங்களுக்கு எழுதியதைக் கடைசியாக என்றைக்குப் படித்தீர்கள்?