கிணற்றுப் பாட்டு இருந்த கேசட்

எங்கள் தறிக்கூடத்தில் பாட்டு ஓடாத நேரம் கிடையாது. எடப்பாடிப் பக்கம் பவர்லூம் வைத்திருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். பாட்டு இல்லையென்றால் தறிச் சத்தமே தாலாட்டாகி ஆள் கண் அயர்ந்துவிடும்.

எங்கள் பக்கத்து மாரியம்மன் பண்டிகைகளில் மைக்செட் கட்டியவுடன் ஒரு நாட்டுப்புறப் பாடகியின் கும்மிப் பாட்டைத்தான் முதலில் போடுவார்கள். அந்தம்மாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர் நடுவயதில் பாடிய ஒரு கேசட் பலருக்குத் தெரியாது. அதில் கும்மியும் இல்லை, உருமியும் இல்லை. வெறும் குரல், கூட ஒரு உடுக்கை. விற்கவே இல்லை. பள்ளிக்கூடம் படிக்கும்போது நான் அதைச் சந்தையில் வாங்கினேன். ரெண்டு பாட்டுக் கேட்டதும் இழுவையாக இருக்கிறது என்று தூக்கிப் போட்டுவிட்டேன்.

போன வருசம் யாரோ அந்த கேசட்டை இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். பழைய நினைப்பில் போனில் போட்டுவிட்டுத் தறியில் அறுந்த பாவு நூலைப் பிணைத்துக்கொண்டிருந்தேன். நான் கேட்காமல் விட்ட பாட்டு ஒன்று வந்தது. அண்ணனும் தம்பியும் கிணற்றில் தூர் வாருகிறார்கள். அண்ணன் உள்ளே, தம்பி கரைமேல். வெளியே வரக் கயிற்றைப் பிடித்து ஏறும்போது கயிறு அறுந்துபோகிறது, அண்ணன் விழுந்து சாகிறான்.

‘இத்துப்போன கயிறுன்னா நாரு நாராப் பிரியுமே
ஒத்தைத் துண்டா விழுந்த கயித்தை ஊரு ஏன் பாக்கலை?’

கயிறு தானாக அறவில்லை, யாரோ அறுத்தார்கள் என்கிறது பாட்டு. கையில் பிடித்திருந்த இழையை விட்டுவிட்டேன். என் பெரியப்பா அப்படித்தான் செத்தார். நான் பள்ளிக்கூடம் சேரும் முன்னால் நடந்தது. அன்றைக்குக் கரைமேல் இருந்தது என் அப்பா. பாட்டில் வந்த பருத்திக்காடும் ரெட்டைப் பனையும்கூட எங்கள் காட்டில் இருந்தவை. பெரியப்பாவுக்குக் குழந்தை இல்லை. பெரியம்மா ஜேடர்பாளையத்துப் பக்கம் தன் அம்மா வீட்டுக்குப் போனவர், கடைசிவரை திரும்பி வரவில்லை. பெரியப்பாவின் பங்குக் காடும் எங்களுக்கே வந்தது. இந்தத் தறிக்கூடம் நிற்பதும் அந்த மண்ணில்தான்.

பாடகிக்கும் ஜேடர்பாளையத்துப் பக்கம்தான் ஊர். பெரியம்மா சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகு வீட்டில் என் கண்ணுக்கு எல்லாமே வேறாகத் தெரிந்தது. அப்பா கிணற்றுப் பக்கம் போகமாட்டார், வரப்பைச் சுற்றித்தான் நடப்பார். முன்பு அதைத் துக்கம் என்று நினைத்திருந்தேன். ஒரு வருசம்கூடத் தவறாமல் அண்ணனுக்குத் திதி கொடுப்பார். முன்பு அது பாசம். இப்போது, இவ்வளவு அக்கறை எதற்கு என்று தோன்றியது. அவர் சூரிக்கத்தியால் தேங்காய் நார் உரிப்பதைக்கூட நின்று பார்த்தேன்.

“என்னடா, என்னைய அப்படிப் பாக்கறே?” என்றார் ஒருநாள்.

“ஒண்ணுமில்லீங்கப்பா.”

மனைவியிடம்கூடச் சொல்லாமல் ஜேடர்பாளையத்துக்கு பைக்கை எடுத்தேன். பாடகியின் வீடு ஓட்டு வீடு. வாசலில் நாற்காலி போட்டு வெயிலுக்கு உட்கார்ந்திருந்தார். “வாங்க சாமி, உக்காருங்க” என்று தண்ணீர் கொடுத்தார். கிணற்றுப் பாட்டு என்று நான் சொன்னதும் முழுதாகச் சொல்லவிடவில்லை.

“உங்களுக்கு எந்த ஊருங்க? எந்தக் கிணறு?” என்று கேட்டார்.

சொன்னேன். பெரியம்மாவைப் பற்றியும் சொன்னேன்.

“அந்தம்மாளை எனக்குத் தெரியாதுங்க. அது எங்க ஊட்டுக் கதை. செத்தது எங்க மாமன். எங்க சொந்தக்காரங்க ஒருத்தரும் இது நம்ம கதையான்னு என்னையக் கேட்டதில்லை. வேற ஊருக்காரங்கதான் வந்து வந்து கேக்கறாங்க. ஒருத்தர் எருமப்பட்டியில இருந்து வந்து, எங்க கிணத்தைப் பத்தி யார் சொன்னாங்கன்னு சண்டையே போட்டுட்டாரு.”

“ரெட்டைப் பனைங்க? பருத்திக்காடுங்க?”

“இந்தச் சீமையில ரெட்டைப் பனையும் பருத்தியும் இல்லாத காடு எதுங்க சாமி?”

எனக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். எழுந்து கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டபோது அவர் கேட்டார்: “பாட்டுல யார் அறுத்தாங்கன்னு நான் சொல்லவே இல்லியே சாமி. உங்களுக்கு யார் மொகம் தெரிஞ்சுது?”

வண்டியைக் கிளப்பினேன். அவர் பொய் சொல்லியிருந்தால்? பெரியம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தால்? வழி முழுக்க இதே நினைப்பு. பாரமும் இறங்கவில்லை, ஒன்றும் இறங்கவில்லை.

ஒரு மத்தியானம் கரண்ட் போய்த் தறியெல்லாம் நின்றுவிட்டது. அப்பா நூல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். போனில் அந்தப் பாட்டைப் போட்டேன். முதலில் தலையை ஆட்டிக் கேட்டார். கயிறு வந்ததும் தலையாட்டல் நின்றது. பாட்டு முடியும்வரை என்னைப் பார்க்கவில்லை.

“இதுக்குத்தான் இத்தனை நாளா என்னைய அப்படிப் பாத்தியா?”

“பெரியப்பா எப்படிங்கப்பா செத்தாரு?”

“அன்னிக்கு ரெண்டு பேருக்கும் வாய்ச் சண்டை. கோவத்துல நான் அவனை உள்ளயே விட்டுட்டு ஊட்டுக்கு வந்துட்டேன். கரையில ஆள் இருந்திருந்தா கையைப் பிடிச்சுத் தூக்கியிருக்கலாம். ஊர்ல கேட்டப்ப அங்கதான் இருந்தேன்னு சொல்லிட்டேன். இல்லீன்னு சொன்னா, உள்ள ஆள் இருக்கறப்ப ஏன்டா போனேன்னு கேப்பாங்கல்ல?”

“கயிறுங்க?”

“பழசு. இத்துப்போயிருந்துச்சு.”

“அறுந்த எடத்தைப் பாத்தீங்களா?”

“அண்ணன் கெடக்கறப்ப கயித்தை யாருடா பாப்பாங்க?”

அவர் அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டேன். அவர் சொன்னதை நம்பினேன். கரண்ட் வந்தது, தறி ஓடத் தொடங்கியது, அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அன்றிலிருந்து அவர் என்னிடம் முன்னைவிடப் பிரியமாகப் பேசுகிறார். பெரியப்பாவின் சின்ன வயசுக் குறும்புகளை அவராகவே சொல்கிறார். நானும் உட்கார்ந்து கேட்கிறேன். ஆனால் அவர் பேசும்போது என் மனசு வேறொரு இடத்துக்குப் போய்விடுகிறது. அவர்தான் அங்கே இல்லையே. பிறகு கரையில் ஆளே இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் போன பிறகு வேறு யாரும் வந்தார்களா? அல்லது அவர் போகவே இல்லையா?

கேட்டால் பதில் சொல்வார் என்றுதான் நினைக்கிறேன். இன்னும் கேட்கவில்லை.